குளிர்ப் பாத்திரத்துத் தண்ணீர்

எதைக் கேட்டாலும் முதலில் "தெரியல்ல" என்று சொல்லும் ஒரு மனுஷியோடு இரண்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். அதைச் சலிப்பாகச் சொல்வதில்லை, வெட்கப்பட்டும் சொல்வதில்லை. கையில் கடிகாரம் இல்லாதவரிடம் மணி கேட்டால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொல்வார். மழை வருமா மிஸ் என்று கேட்பேன். மேற்கே கடல்மேல் கறுத்துக்கொண்டு வருவதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டுதான் நிற்போம். "தெரியல்ல சார். கறுத்திருக்கு" என்பார். கறுத்திருப்பது அவர் பார்த்தது. மழை இன்னும் பார்க்காதது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குடையை எடுத்துக்கொண்டு பேசாமல் உள்ளே போய்விடுவேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. சங்குமுகத்துக்கும் வலியதுறைக்கும் நடுவில், கடலைப் பார்த்த ஓட்டுக் கட்டடம் ஒன்றில் கடல் உயிர்களை ஆராய்கிற கூடம் இருந்தது. அதில் நான் ஸ்டோர் கீப்பர். டைப்பிஸ்ட் பட்டாளத்தில் சேர்ந்து போன பிறகு டைப் மெஷினும் என் தலையில் விழுந்தது. கிழக்கேகோட்டையிலிருந்து பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடிய கரி பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் அது மூச்சு விட்டு நின்றால் இறங்கி நடந்து, வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தால், ஸ்டோர் முழுக்க அழுகிய கடல்பாசி நாற்றம். கண்ணாடிச் சாமான் கிடையாது, ஸ்பிரிட் கிடையாது, மண்ணெண்ணெய் ரேஷன். கேட்டு வருகிறவர்களிடம் இல்லை, இல்லை என்று சொல்வதற்கே எனக்குச் சம்பளம். அந்த வருஷங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு அலுத்துப்போகிறது.

அவருக்கு அப்போது முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நாகர்கோவில் பக்கம் ஊர். ஆரியசாலையில் அண்ணனுக்கு மிளகாய் மண்டி, அதன் மாடியில் குடியிருப்பு. காலையும் மாலையும் மிளகாய் நெடியில் இருந்து இருந்து மூக்குக்கு எந்த வாசனையும் எட்டாது. பூவை முகர்ந்து பார்க்கச் சொன்னாலும் "எனக்கு ஒண்ணும் வரல்ல சார்" என்பார். இங்கே வருவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவர் என்பதால் எல்லாரும் மிஸ் என்றே கூப்பிட்டோம். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்தை விட்ட கதையை ஒருநாள் அவரே சொன்னார். நாகர்கோவிலில் பெண்கள் பள்ளிக்கூடம். இன்ஸ்பெக்டர் வந்து பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்த அன்றைக்கு ஒரு குழந்தை எழுந்து, ஆற்றுத் தண்ணீர்தானே கடலுக்குப் போகிறது, ஆறு கரிக்கவில்லை, கடல் மட்டும் ஏன் கரிக்கிறது என்று கேட்டிருக்கிறது. இவர், "எனக்குச் சரியாத் தெரியல்ல மக்கா, பாத்துட்டுச் சொல்லுகேன்" என்றிருக்கிறார். இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். தலைமை ஆசிரியை கூப்பிட்டு, டீச்சருக்கே தெரியாது என்றால் பிள்ளைகள் எப்படி மதிக்கும் என்று பிடிபிடியென்று பிடித்திருக்கிறார்.

"பள்ளிக்கூடத்துல தெரியல்லன்னு சொல்லப்பிடாது சார்" என்றார் என்னிடம். "வாய்க்கு வந்ததச் சொல்லணும். மூணு வருஷம் சொன்னேன். பொறவு முடியல்ல."

அண்ணனிடம் அழுது கெஞ்சி, இங்கே இரண்டு வருஷ உதவித்தொகையில் வந்து சேர்ந்தார். இரண்டு வருஷம் முடிவதற்குள் இங்கேயே நிரந்தரமாக லெக்சரர் வேலை கிடைக்க வேண்டும். ஆகாவிட்டால் பழைய பள்ளிக்கூடத்துக்கே திரும்பிப் போக வேண்டும். அண்ணனோடு பேசி வைத்த பேச்சு அது. தலைமை ஆசிரியை அண்ணிக்கு உறவு, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தார். ஆக, அந்த இரண்டு வருஷமும் அவர் எதைக் கண்டு பயந்து ஓடி வந்தாரோ அது வாசலில் காத்துக்கொண்டே நின்றது.

அவர் பார்த்த வேலையை எனக்குத் தெரிந்த மட்டும் சொல்கிறேன். கடலுக்கு அடியில், மணலிலும் பாறைப் பாசியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிற ஓர் உயிர். ஃபோராமினிஃபெரா என்று டைப் அடித்து அடித்து என் விரலுக்கே மனப்பாடம். ஒரே ஒரு செல்தான் அதன் உடம்பு முழுவதும். அதைச் சுற்றி ரவை அளவுக்கு ஒரு சுருண்ட ஓடு. வாய் கிடையாது, வயிறு கிடையாது. ஓட்டிலிருந்து நூல் நூலாக ஒரு வலையை வெளியே விரித்து, பக்கத்தில் கிடக்கும் பாசித் துகளைப் பிடித்து இழுத்துச் சாப்பிடும். தண்ணீரின் சூடு கூடினால், குறைந்தால், அது சாப்பிடுவது எப்படி மாறுகிறது என்பதுதான் இவருடைய கேள்வி. கோவளத்துப் பாறைகளிலிருந்து பாசியைச் சுரண்டி எடுத்து வந்து, ஒற்றை மயிர் வைத்த தூரிகையால் ஒவ்வொன்றாக அவற்றைப் பொறுக்கிக் கண்ணாடிக் கிண்ணத்தில் விடுவார். பச்சைத் துகள்களை எண்ணிப் போடுவார். சில மணி நேரம் கழித்து எத்தனை மிச்சம் என்று மைக்ராஸ்கோப்பில் எண்ணுவார். சாதாரண சூட்டில் ஒன்று, மண்ணெண்ணெய் விளக்கின் மேல் சூடான தண்ணீரில் ஒன்று, ஐஸும் உமியும் நிரப்பிய மரப்பெட்டிக்குள் ஒன்று. மூன்றாவதைக் குளிர்ப் பாத்திரம் என்போம்.

எண்ணும்போது யாராவது கதவைத் தட்டி, கண் ஒரு நொடி விலகினாலும் அன்றைய எண்ணிக்கை முழுவதும் போச்சு. குறுக்கே ஒரு கோடு போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். ஒருநாள் தட்டினது நான். ஐஸ் வந்திருக்கிறது என்று சொல்லத்தான் தட்டினேன்.

"நூத்துக்கு மேல எண்ணிட்டேள் இல்லையோ, பாக்கியை ஒரு அந்தாஜா போட்டுக்கப்படாதா?" என்றேன்.

"அந்தாஜுன்னா நான் எண்ணினதா ஆகாதே சார்."

"ஒண்ணு ரெண்டு கூடக் குறைஞ்சா கடல் வத்திடுமா?"

"தெரியல்ல" என்றார். கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை, உண்மையாகவே யோசித்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

அண்ணன் ஒருதரம் ஜாதகம் எழுத ஜோசியரைக் கூட்டி வந்தாராம். பிறந்த நேரம் என்ன அம்மா என்று ஜோசியர் கேட்டதற்கு, "அம்மா விடியக்காலம்னு சொல்லுவா. நான் பாக்கல்ல" என்றிருக்கிறார். ஜோசியர் ஏட்டைக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். அண்ணன் இரண்டு நாள் பேசவில்லை. என்னிடம் இதைச் சொல்லும்போது இவருக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. "அவருக்கும் கோவம் வரத்தானே செய்யும் சார், பாவம்" என்றார்.

ஜோசியராவது போகட்டும். சர்க்காரில் பெரிய அதிகாரி ஒருவர் கூடத்தைப் பார்க்க வந்தார். டைரக்டர் புதுக் கோட்டு போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். இவருடைய மேஜைக்கு முன்னால் வந்து, ஊரில் அரிசி இல்லை, மரச்சீனிக் கிழங்குக்குக்கூட வரிசையில் நிற்கிறார்கள், இந்த ஆராய்ச்சியால் மீன் கூடுதலாகக் கிடைக்குமா என்று அதிகாரி கேட்டார். கிடைக்கும் என்று சொன்னால் என்ன, நாக்கா சுளுக்கிக்கொள்ளும்? டைரக்டர் பின்னால் நின்று தலையை ஆட்டிக் காட்டுகிறார். நானும் கதவோரத்திலிருந்து கண்ணைக் காட்டுகிறேன்.

"தெரியல்ல சார்" என்றார் இவர். "கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இதுக எப்பம் சாப்பிடும், எப்பம் சாப்பிடாதுன்னுதான் நான் பாக்கேன்."

"இங்கே மனுஷனுக்கே சாப்பாடில்லை" என்றார் அதிகாரி.

"ஆமா சார்" என்றார் இவர், துக்கமாக.

அதிகாரி அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

இனி என் கதைக்கு வருகிறேன். சொல்லாமல் தீராது.

கிண்ணத்துத் தண்ணீரைத் தினம் மாற்ற வேண்டும். குளிர்ப் பாத்திரத்தில் திடீரென்று வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் அந்த உயிர்கள் மிரண்டுபோய் வலையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று, அதற்கு மட்டும் கடல் தண்ணீரை முன்னமே குளிர வைத்துக்கொள்வார். பெரிய கண்ணாடி ஜாடிகள் யுத்தத்தில் வரவில்லை. ஆகவே ஒரு மண்பானை. அந்தக் கட்டடத்திலேயே வெயில் படாத மூலை என் ஸ்டோரில் இருந்ததால் பானை என் ஸ்டோருக்கு வந்தது. ஈர மணலைப் பரப்பி அதன்மேல் வைத்தார். காலையில் கடலிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து துணியில் வடிகட்டி ஊற்றுவார்கள். அடுத்த நாள் காலையில் இவர் சிரட்டை அகப்பையோடு வந்து கொஞ்சம் மொண்டுகொண்டு போவார்.

மீன மாசத்து வெயில், நம் பங்குனி வெயில், தொடங்கியதும் பானை நாற ஆரம்பித்தது. ஏற்கனவே ஸ்டோரில் பாசி நாற்றம், மீன் நாற்றம், ஃபார்மலின் நெடி. இப்போது என் நாற்காலிக்குப் பின்னால் இதுவும். "மிஸ், உங்க பானை சகிக்கலை, கேட்டேளா" என்றேன். "கடத்தண்ணிதானே சார்" என்றார். அவருக்குத்தான் மூக்கு கிடையாதே. எங்கள் தெருவில் எந்த வீட்டிலும் ராமச்சம் போடாத பானை கிடையாது. வெட்டிவேரைத்தான் இங்கே ராமச்சம் என்பது. ஒரு பிடி வேரைத் துணியில் முடிந்து பானைக்குள் போட்டால் தண்ணீர் கமகமவென்று இருக்கும், கெடாது. பானை என்று ஒன்றைப் பார்த்தால் எங்களுக்குக் கை தானாக அதைத்தான் செய்யும். மறுநாள் வீட்டிலிருந்து ஒரு முடிச்சைக் கொண்டுவந்து அதில் போட்டேன். இருட்டு மூலை, முடிச்சு பானையின் அடியில் கிடந்தது, மேலாக மொள்ளுகிறவர் கண்ணில் படாது. ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே எனக்குப் படவில்லை. பதினைந்து நாளைக்கு ஒருமுறை பழைய முடிச்சை எடுத்துவிட்டுப் புதிது போடுவேன். அடுத்த மீன மாசம் வரைக்கும் போட்டுக்கொண்டிருந்தேன். நாற்றம் குறைந்தது, நானும் நிம்மதியாக உட்கார்ந்து கோப்புகளைப் பார்த்தேன்.

இதற்கிடையில் அவருக்கு முடிவு கிடைத்துவிட்டது. சாதாரண சூட்டில் அவை நன்றாகச் சாப்பிட்டன. கொஞ்சம் சூடேற்றினால் இன்னும் வேகமாகச் சாப்பிட்டன, மிஞ்சிச் சூடானால் நிறுத்திவிட்டன. குளிர்ப் பாத்திரத்தில் வலையே விரிக்கவில்லை. போட்ட துகள்கள் போட்டபடி கிடந்தன. டைரக்டருக்கு ஒரே சந்தோஷம். இவர் மட்டும் இன்னும் ஒருதரம் பார்க்கிறேன், இன்னும் ஒருதரம் என்று இழுத்துக்கொண்டே போனார். கடைசியில் டைரக்டர் பொறுமையிழந்து, "மதி, மதி. இனி எழுது" என்றார். மலையாளத்தில் மதி என்றால் போதும் என்று அர்த்தம். மேட மாசக் கடைசியில், அதாவது சித்திரை முடிவில், கமிட்டி கூடுகிறது, அதற்கு முன்னால் அறிக்கை போனால் லெக்சரர் வேலை இவருக்குத்தான் என்று அவரே வாய்விட்டுச் சொன்னார்.

மிஸ் எழுதித் தந்தார். டைப் அடித்தது நான்.

ஐந்தாவது பக்கமோ ஆறாவது பக்கமோ. எப்படிச் செய்தேன் என்கிற பகுதி. கடல் தண்ணீர், இரவு முழுவதும், ஸ்டோர் அறையில், மண்பானையில், என்று இங்கிலீஷில் அடித்துக்கொண்டே வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். பானை இருந்தது. அதற்குள் என் முடிச்சு இருந்தது. அந்தத் தண்ணீர் எதற்குப் போகிறது என்று அத்தனை நாள் நான் நினைத்தே பார்த்ததில்லை. குளிர்ப் பாத்திரத்துக்கு மட்டும் போகிறது. மற்ற இரண்டுக்கும் போகவில்லை. அவை சாப்பிடாமல் கிடந்தது குளிரினாலா, நான் போட்ட வேரினாலா?

மிச்சப் பக்கங்களை அடித்து முடித்தேன். முடிச்சை எடுத்துக் காகிதத்தில் சுற்றி டிபன் டப்பாவில் வைத்துக்கொண்டேன். யாருக்குத் தெரியப் போகிறது. ஒரு பிடி வேர். மருந்துக்குக்கூடக் குடிக்கிறார்கள். அவருக்கு வேலை ஆகட்டும், நன்றாக இருக்கட்டும். வீட்டில் போய் உட்கார்ந்தால் சோறு இறங்கவில்லை. அடுத்த நாளும் இறங்கவில்லை. என்ன உடம்புக்கு என்று வீட்டுக்காரி கேட்டாள், வெயில் என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் அவர் கையெழுத்துப் போடுவதற்காக ஸ்டோருக்கு வந்தார். காகிதங்களை அடுக்கி நீட்டினேன். பேனாவைத் திறந்தார். சொல்லிவிட்டேன். அவருக்காகச் சொன்னேன் என்று வெகுநாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். என்னால் சுமக்க முடியவில்லை, அதனால் அவர் தலையில் இறக்கி வைத்தேன்.

கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார். என்னைப் பார்க்கவில்லை, பானையைப் பார்த்தார்.

"ஏன் சார் சொன்னீங்க?" என்றார்.

அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. அவரே முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தினசரி கேள்வி கேட்கிற குரலில் கேட்டார்.

"எப்பம் முதல் போட்டீங்க?"

"போன மீனம் பொறந்ததுலேர்ந்து."

"எவ்வளவு வேரு?"

"ஒரு பிடி. என் கைக்கு."

"குளிர்ல நான் எடுத்த கணக்கு எல்லாமே அதுக்குப் பொறவுதான்" என்றார். காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு நேரே டைரக்டர் அறைக்குப் போனார். நான் பின்னாலேயே போய் அரைக்கதவுக்கு வெளியே நின்றேன்.

டைரக்டர் முதலில் நம்பவில்லை. அப்புறம் தலையில் அடித்துக்கொண்டார். அப்புறம் குரலைத் தணித்து, "மிண்டாண்டிரிக்கு. ஆரும் சோதிக்கில்ல" என்றார். பேசாமல் இரு, யாரும் கேட்கப் போவதில்லை என்கிறார்.

"கேட்டா என்ன சொல்ல, சார்?"

"தணுப்பு என்று பறயணும்." தணுப்பு என்றால் குளிர்.

"குளிரா ராமச்சமான்னு எனக்குத் தெரியல்லியே சார்."

"ஒரு பிடி வேருக்காக ரெண்டு வருஷத்தைக் கொண்டுபோய்க் கடல்ல போடுவியா நீ?" டைரக்டர் இப்போது தமிழுக்கே வந்துவிட்டார். அடுத்த கேள்வி வந்தது. "யாரு போட்டது? அந்த ஸ்டோர்க்காரனா? இன்னைக்கே அவனை வெளியே அனுப்பறேன்."

எனக்கு வீட்டில் நான்கு குழந்தைகள்.

"நான் பாக்கல்ல சார்" என்றார் மிஸ்.

அவர் சொன்னது உண்மைதான். நான் போட்டதை அவர் பார்க்கவில்லை, நான் சொல்லிக் கேட்டதுதான். ஆனாலும் அவர் அதுவரை எதையும் அப்படி மழுப்பிப் பேசி நான் கேட்டதில்லை. கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய், நான்தான் சார் என்று சொல்லியிருக்க வேண்டும். போகவில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்றைக்கும் இருக்கிறது.

மிஸ் அறிக்கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கமிட்டி கூடியது. மீன் செதிலைப் பற்றி எழுதியிருந்த ஒருவருக்கு அந்த வேலை போயிற்று. கெட்டிக்காரர்தான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். மிஸ்ஸும் ஒன்றை வாங்கிச் சாப்பிட்டார். அன்று மாலையே ஆரியசாலையிலிருந்து அண்ணன் வந்தார். தங்கையிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் ஸ்டோர் வாசலில் நின்று, "பள்ளிக்கூடத்துக்குக் கடிதாசு போட்டாச்சு, ஆனி பொறந்தா போயிரணும்னு சொல்லிருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். மிஸ் நாலு கஜ தூரத்தில் கிண்ணம் கழுவிக்கொண்டுதான் இருந்தார்.

உதவித்தொகை முடிய ஐந்து வாரம் மிச்சம். இனி என்ன செய்து என்ன ஆகப்போகிறது, ஊருக்குப் போய் ஓய்வெடுக்க வேண்டியதுதானே என்று எல்லாரும் நினைத்தோம். மறுநாள் காலையில் அவர் என்னிடம் வந்து, "சார், உங்க வீட்டு ராமச்சம் இன்னும் கொஞ்சம் வேணும். அதே கடைல வாங்கினதா இருக்கணும்" என்றார். இரண்டு புதுப்பானை கேட்டார். நான் சாலைக் கடைத்தெருவுக்கு நடந்தே போய் வாங்கி, ஒவ்வொரு கையிலும் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நான்கு கிண்ணம். குளிரில் இரண்டு, ஒன்று ராமச்சத் தண்ணீரில், ஒன்று வெறும் கடல் தண்ணீரில். சாதாரண சூட்டில் அதே மாதிரி இரண்டு. ஐந்து வாரமும் அதுதான். ஐஸ் மூட்டையை நானே சுமந்தேன். உமியை நானே நிரப்பினேன். வேர் முடிச்சை அவர் என்னைத்தான் போடச் சொன்னார். பக்கத்தில் நின்று, நான் போடுவதைக் கண் இமைக்காமல் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. "என்ன சார், கண்ணுல உமி விழுந்துட்டா?" என்றார்.

கடைசி வாரத்தில் ஒருநாள், "நீங்களே பாருங்க" என்று மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்தார். இரண்டு வருஷத்தில் ஒருதரம்கூட நான் அதில் பார்த்ததில்லை. அந்த மைக்ராஸ்கோப் நான் ஸ்டோரிலிருந்து எடுத்துக் கொடுத்ததுதான். கண்ணை வைத்தேன். முதலில் என் இமை மயிர்தான் தெரிந்தது. அப்புறம் தெரிந்தது. சுருண்ட ஒரு ஓடு. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நூல்கள், ஒன்றோடொன்று கூடிப் பிரிந்து. நூலுக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது. பச்சைத் துகள் ஒன்று மெதுவாக, மிக மெதுவாக ஓட்டை நோக்கி நகர்ந்தது.

"இது எந்தக் கிண்ணம்?" என்றேன்.

"ராமச்சம். சாதாரண சூடு."

குளிரிலிருந்த இரண்டையும் காட்டினார். இரண்டிலும் ஓடு மட்டும் கிடந்தது. நூலும் இல்லை, நகர்வும் இல்லை. துகள்கள் போட்ட இடத்திலேயே இருந்தன. வெறும் கடல் தண்ணீரிலும் அப்படியே, ராமச்சத் தண்ணீரிலும் அப்படியே. ஐந்து வாரமும் ஒருநாள்கூட மாறவில்லை என்று நோட்டைப் புரட்டிக் காட்டினார். ராமச்சம் அவற்றை ஒன்றும் செய்யவில்லை. சாப்பிட விடாமல் செய்தது குளிர்தான்.

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் முதலில் வந்தது சந்தோஷம், என் தப்பால் ஒன்றும் கெடவில்லையே என்று. அடுத்த நிமிஷமே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்போ மொதல்ல எழுதினதே சரிதானே, மிஸ்."

"சரிதான்."

"ஒரு எழுத்து மாத்த வேண்டாம், அல்லே?"

"வேண்டாம்."

"நான் வாயை மூடிண்டு இருந்திருந்தா இன்னிக்கு நீங்க லெக்சரர். எல்லாம் சரியாத்தானே இருந்தது. பாவி, நான் சொல்லித் தொலைச்சேனே."

அவர் கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து மேஜைமேல் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். நான்காவதை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார்.

"சரியாத்தான் எழுதியிருந்தேன்" என்றார். "ஆனா அது சரின்னு அப்பம் எனக்குத் தெரியாதே, சார்."

சொல்லும்போது குரல் நன்றாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஆனி பிறக்க மூன்று நாள் இருந்தது.